படம் பிடிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பேசும்போது

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஓர் ஆவணப்படத் திரையிடலின் இரண்டாம் நாள் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இரண்டு நாளாக இங்கே படம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எல்லாமே புகைப்படக்காரர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிற படங்கள். நேற்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அமெரிக்காக்காரன் போட்டோ எடுத்த கதையெல்லாம் நமக்கு எதுக்குங்க? நம்ம பிரச்சினையே தலைக்கு மேல கெடக்கு." நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தம்பியின் சட்டைப் பையிலேயே ஒரு கேமரா இருக்கிறது. இங்கே எல்லார் பையிலும் இருக்கிறது. ஒரு சேரி கொளுத்தப்பட்டால், ஒரு பையன் வெட்டப்பட்டால், போலீஸ் வருவதற்கு முன்னால் நம்ம செல்போன் போய் நிற்கிறது. அப்படி எடுக்கிற படத்தைப் பற்றி நாம் நமக்குள் என்றைக்காவது பேசியிருக்கிறோமா? உண்மை அறியும் குழு போகிறது, அறிக்கை எழுதுகிறது. 'இந்தச் சொல் வேண்டாம், அந்தச் சொல்லைப் போடு' என்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை நடக்கிறது. அறிக்கையின் அட்டையில் போடுகிற படத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச்சு கிடையாது. அதனால்தான் இந்தப் படங்கள்.

புகைப்படங்களின் அழகைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அந்தப் பேச்சைப் பற்றித்தான் பேசப்போகிறேன். புகைப்படக்காரர்கள் கூடி உட்கார்ந்தால் எதைக் கேட்டுக்கொள்கிறார்கள், எதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் வழக்கமான பேச்சைப் பார்ப்போம். பிரான்சில் வில்லியம் கிளைன் என்ற புகைப்படக்காரர் 1980களில் தொடங்கிவைத்த 'கான்டாக்ட்ஸ்' என்றொரு தொடர் இருக்கிறது. ஒரு ஃபிலிம் சுருளில் இருக்கிற எல்லாப் படத்தையும் சின்னச் சின்னதா ஒரே தாளில் பிரிண்ட் போடுவாங்க இல்லையா, அதுக்குப் பேரு கான்டாக்ட் ஷீட். அந்தத் தாளின்மேல் கேமரா மெதுவாக ஊர்ந்து போகிறது. புகைப்படக்காரரின் குரல் மட்டும் கேட்கிறது. இந்தப் படத்தை ஏன் எடுத்தேன், அடுத்ததை ஏன் தள்ளினேன், அரை நொடி முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும். ஒவ்வொன்றும் கால் மணி நேரம்கூட வராது. தொழில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கலைஞன் என்றால் ஏதோ ஞானதிருஷ்டி என்கிற பிரமையை இந்தத் தொடர் உடைக்கிறது. தள்ளப்பட்ட முப்பத்தைந்து படங்களைப் பார்த்த பிறகுதான் அந்த ஒரு படத்தின் உழைப்பு தெரிகிறது. ஆனால் அந்தத் தாளுக்குள் இருக்கிற மனிதர்கள் வாய் திறப்பதில்லை.

அடுத்தது, நேற்று ராத்திரி பார்த்தது. கிறிஸ்டியன் ஃப்ரை 2001இல் எடுத்த 'வார் போட்டோகிராஃபர்'. ஜேம்ஸ் நாக்ட்வே என்ற போர்ப் புகைப்படக்காரரைப் பற்றியது. அவருடைய ஸ்டில் கேமராவின்மேலேயே ஒரு குட்டி வீடியோ கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். பொத்தானை அழுத்துகிற விரலும் எதிரே அழுகிற முகமும் ஒரே சட்டகத்தில் தெரிகின்றன. ஜகார்த்தாவில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற ஒரு குடும்பம், ஒரு கையும் ஒரு காலும் இழந்த தகப்பன், அவரைச் சுற்றிப் பிள்ளைகள். நாக்ட்வே அவர்களோடு பொறுமையாக இருக்கிறார், மரியாதையாக நடந்துகொள்கிறார். பிறர் துயரத்தில் நான் ஆதாயம் அடைகிறேனோ என்ற எண்ணம் தன்னை விடுவதில்லை என்று அவரே சொல்கிறார். நேர்மையான மனுஷன்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் படத்தில் அவருடைய வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார்? அவர், அவருடைய பத்திரிகை ஆசிரியர்கள், சக செய்தியாளர்கள், நண்பர்கள். கேள்வி அவருடைய மனசாட்சிக்குள்ளேயே எழுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. தண்டவாளத்து ஆள் இந்த வழக்கில் சாட்சிகூட இல்லை.

இனி மற்ற பக்கத்துக்கு வருவோம். தாமஸ் ஆலன் ஹாரிஸ் 2014இல் எடுத்த 'த்ரூ எ லென்ஸ் டார்க்லி'. இன்று காலை பார்த்தோம். அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக்காரர்களின் வரலாறு. ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து பேசுகிறார்கள். இயக்குநர் அந்தப் பேச்சுகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகிறார். நூலாகப் பயன்படுவது அவருடைய சொந்தக் குடும்ப ஆல்பம். அவருடைய தாத்தா தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை, ஆசைக்கு எடுத்தவர். வீட்டாரை எடுத்துத் தள்ளியிருக்கிறார். கறுப்பர்களைக் கோமாளியாகவும் குற்றவாளியாகவும் காட்டிய அஞ்சலட்டைகள், கொலைசெய்து மரத்தில் தொங்கவிட்ட உடலுக்குக் கீழே வெள்ளையர்கள் சிரித்தபடி நிற்கிற அஞ்சலட்டைகள் எல்லாம் தபாலில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், வீட்டுக்குள் இன்னொரு ஆல்பம் நிரம்பிக்கொண்டிருந்தது. படத்தின் மொத்த வாதமும் இந்த இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

இந்தப் படத்துக்கு அடித்தளம் டெபோரா வில்லிஸ் எழுதிய வரலாற்று நூல், 2000இல் வந்தது. வில்லிஸின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் வடக்குப் பகுதியில் வளர்ந்தவர். அம்மா வீட்டிலேயே முடி அலங்கார நிலையம் நடத்தினார். சின்ன வயசில் நூலகத்தில் ஒரு புத்தகம் கையில் கிடைக்கிறது. ஹார்லெம் மக்களை ராய் டிகராவா எடுத்த படங்கள், அதோடு லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்து. 1955இல் வந்த புத்தகம். தன் வீட்டைப் போன்ற வீடு ஒரு புத்தகத்துக்குள் இருப்பதை முதல்முறை பார்க்கிறார். பிறகு கலைக்கல்லூரியில் புகைப்படம் படிக்கப் போகிறார். வகுப்பில் ஓர் ஆசிரியர் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: நீ ஒரு நல்ல ஆணுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்; எப்படியும் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறத்தான் போகிறாய்.

'இடத்தை அடைத்துக்கொண்டு' — இந்தச் சொல்லை நாம் கேட்டதில்லையா? கோட்டாவில் வந்து இடத்தை அடைச்சுட்டாங்க என்று எத்தனை விடுதியில், எத்தனை வகுப்பறையில்! அந்தம்மாவுக்கு இரண்டு பக்கத்து அடி, கறுப்பர் என்றும் பெண் என்றும். வகுப்பில் படிக்கிற புகைப்பட வரலாற்றில் கறுப்பர் ஒருவர்கூட இல்லையே என்று கேட்கிறார். அந்தக் கேள்வியே ஆராய்ச்சி ஆகிறது. 1985இல் முதல் நூல் வருகிறது, 1840 முதல் 1940 வரை வேலைசெய்த கறுப்பினப் புகைப்படக்காரர்களின் தொகுப்பு. நூறு வருஷத்துக் கதை! புகைப்படம் கண்டுபிடித்ததாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அடுத்த வருஷமே தொடங்குகிற வரலாறு, பாடப்புத்தகத்தில் இல்லை.

வில்லிஸின் மகன் ஹாங்க் வில்லிஸ் தாமஸும் புகைப்படக் கலைஞர். 2017இல் இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்று பேசிய ஒளிப்பதிவு இருக்கிறது, கால் மணி நேரத்துக்கும் குறைவு. நேற்று இடைவேளையில் போட்டோம். அந்த ஆசிரியர் சொன்னதை அம்மா மகனுக்குப் பக்கத்தில் நின்றே சொல்கிறார். எந்தப் பிள்ளையைப் பெற்றுவிடுவாய் என்று பயமுறுத்தினார்களோ அந்தப் பிள்ளை பக்கத்தில் கேமராக்காரனாக நிற்கிறான். நம்ம கூட்டத்தில் அந்த இடத்தில் கைதட்டினார்கள். மகனுடைய கதையில் இன்னொன்று இருக்கிறது. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் 2000இல் வழிப்பறியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சவ அடக்கத்தில் குடும்பம் அழுகிற படத்தை எடுத்து, கிரெடிட் கார்டு விளம்பரத்தின் பாணியில், உடுப்பு இவ்வளவு, சங்கிலி இவ்வளவு, துப்பாக்கி இவ்வளவு, தோட்டா இவ்வளவு என்று விலை எழுதினார் தாமஸ். தன் வீட்டு எழவை அப்படியே வெளியே வைத்தார். வெளியிலிருந்து வந்த ஒருவர் இதைச் செய்திருந்தால் அது வேறு படம்.

டிகராவாவைப் பற்றியும் தனியாக ஒரு சின்னப் படம் உண்டு. 1983இல் கேரல் பாரட் ப்ளூ என்ற கறுப்பினப் பெண் இயக்குநர் எடுத்தது. அவருடைய படங்கள் ரொம்ப இருட்டாக இருக்கும். கறுப்புக்குள் கறுப்பு, சாம்பலுக்குள் சாம்பல். கண்ணை வைத்து உற்றுப் பார்த்தால்தான் முகம் தெரியும். இதிலே தொழில்நுட்பத்தின் அரசியலும் இருக்கிறது. கலர் ஃபிலிம் கம்பெனிகள் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையைத்தான் பல வருஷம் அளவுகோலாக வைத்திருந்தார்கள். கறுப்புத் தோல் சரியாக விழாததைப் பற்றிக் கறுப்பர்கள் கேட்டது காதில் ஏறவில்லை. சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் எங்கள் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகே கோடாக் நிறுவனம் அதில் கவனம் செலுத்தியது என்று லோர்னா ராத் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். சாக்லேட்டுக்குக் கிடைச்ச மரியாதை! நம்ம ஊர் ஸ்டுடியோவில் டப்பா டப்பாவாகப் பவுடர் பூசி, நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து, கருத்த பிள்ளையைச் சிவத்த பிள்ளை ஆக்கினோமே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, பழைய படங்கள் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு வருவோம். கேரி மே வீம்ஸ் இந்தப் படத்தில் பேசுகிறவர்களில் ஒருவர். 1850இல் லூயி அகாசி என்ற ஹார்வர்டு பேராசிரியர், கறுப்பர்கள் தனி இனம், தாழ்ந்த இனம் என்று நிரூபிப்பதற்காகத் தெற்குக் கரோலினாவில் அடிமைகளை ஆடை களைந்து நிற்கவைத்துப் படம் எடுக்கச் செய்தார். ரென்டி என்ற பெரியவர், அவர் மகள் டீலியா, இன்னும் சிலர். 1976இல் ஹார்வர்டு அருங்காட்சியகத்தின் பரணில் அந்தப் படங்கள் அகப்பட்டன. 1990களின் நடுவில் வீம்ஸ் அவற்றைப் பெரிதாக்கி, சிவப்பு நிறம் ஏற்றி, கண்ணாடியில் எழுத்துப் பொறித்து ஒரு வரிசை செய்தார். அனுமதி இல்லாமல் பயன்படுத்தினாய், வழக்குப் போடுவோம் என்றது ஹார்வர்டு. வீம்ஸ் யோசித்துவிட்டு, போடுங்கள், சட்டப்படி என் பக்கம் பலமில்லாமல் இருக்கலாம், அறத்தின்படி இருக்கிறது, நீதிமன்றத்தில் பேசிவிடுவோம் என்கிற மாதிரி பதில் சொன்னார். வழக்கு வரவில்லை. பிற்பாடு அந்தப் படைப்பிலிருந்தே ஹார்வர்டு விலைகொடுத்து வாங்கியது.

அதோடு முடியவில்லை. ரென்டியின் வழிவந்தவர் என்று சொல்லும் தமாரா லானியர் 2019இல் ஹார்வர்டு மீது வழக்குப் போட்டார். படத்தின் உரிமை அவருக்கு இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் அவரை நடத்திய விதத்தால் ஏற்பட்ட மன வேதனைக்கு வழக்கு நடத்தலாம் என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025இல் சமரசம் ஏற்பட்டு, தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருக்கிற ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அந்தப் படங்களைக் கொடுக்க ஹார்வர்டு ஒப்புக்கொண்டது. நூற்றெழுபத்தைந்து வருஷம், தோழர்களே! நிர்வாணமாக நிற்கவைக்கப்பட்ட ஒரு மனிதனின் படம் அவன் மண்ணுக்குத் திரும்ப அவ்வளவு காலம்.

நமக்கும் ஒரு அகாசி இருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன். மூக்கின் அகலம், மண்டையின் சுற்றளவு எல்லாம் கருவி வைத்து அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்டார். அதில் இருக்கிற படங்களைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதிப் பெயர்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. இன்றைக்கும் நம்ம ஆய்வாளர்களே அந்தப் படங்களை எடுத்து அட்டைப்படமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் யார், எந்த ஊர், எவர் பாட்டன் என்று தேடிப்போன லானியர் நம்மிடம் இன்னும் வரவில்லை.

அடுத்தது கார்டன் பார்க்ஸ். 'எ சாய்ஸ் ஆஃப் வெப்பன்ஸ்', 2021, ஜான் மாகியோ இயக்கியது. பார்க்ஸ் 2006இலேயே இறந்துவிட்டார். அவரைப் பற்றியும் தங்களைப் பற்றியும் இன்றைய கறுப்பினப் புகைப்படக்காரர்கள் பேசுகிறார்கள். செத்தவரோடு நடத்துகிற உரையாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஒரு படத்தின் முன்னால் வந்து நிற்பார்கள். 1942, வாஷிங்டன். பார்க்ஸ் அரசாங்கப் புகைப்படப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் முதல் நாளே, கேமராவை வைத்துவிட்டு வெளியே போய்ச் சாப்பிடு, கோட்டு வாங்கு, சினிமா பார் என்று அனுப்புகிறார். எல்லா இடத்திலும் துரத்துகிறார்கள். நாட்டின் தலைநகரத்தில்! கொதித்துப்போய்த் திரும்பி வருகிறவரிடம், அதோ தரை துடைத்துக்கொண்டிருக்கிற அம்மாவிடம் போய்ப் பேசு என்கிறார் ஸ்ட்ரைக்கர். அந்த அம்மா எல்லா வாட்சன். அதே அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவர். பார்க்ஸ் அவரைக் கொடிக்கு முன்னால் நிற்கவைக்கிறார். ஒரு பக்கம் விளக்குமாறு, இன்னொரு பக்கம் தரை துடைக்கும் மாப்பு. படம் உலகப் புகழ்.

எனக்கு அந்த ஒரு படத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிசு. பார்க்ஸ் அதோடு போய்விடவில்லை. அந்தக் கோடை முழுவதும் அந்த அம்மா பின்னாலேயே போனார். வீட்டுச் சமையலறை, பேரப்பிள்ளைகள், சாமி படம் வைத்த அலமாரி, அவர் போகிற சர்ச். விளக்குமாறு இல்லாத வாட்சன் அந்தப் படங்களில் இருக்கிறார். கொடிக்கு முன்னால் நிற்கிற படத்துக்கான அரசாங்கக் குறிப்பில் அவர் பெயர் கிடையாது, துப்புரவு வேலைக்காரப் பெண் என்றுதான் இருக்கும். வீட்டில் எடுத்த படங்களின் குறிப்பில்தான் 'திருமதி எல்லா வாட்சன்' வருகிறார். உலகம் எதைக் கொண்டாடியது பாருங்கள், பெயர் இல்லாத படத்தை.

விளக்குமாறு என்றதும் நமக்கு நம்ம ஆட்கள் ஞாபகம் வருவார்கள். மும்பை மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல வருஷம் தொடர்ந்து எடுத்த சுதாரக் ஓல்வே. இங்கே பழனிக்குமார். திவ்யபாரதி 2017இல் வெளியிட்ட 'கக்கூஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர். மதுரைப் பக்கம் மீன் விற்கிற ஒரு தாயின் மகன். தன் தாயையும் படம் எடுத்து எழுதியிருக்கிறார். துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவும் கற்றுக்கொடுக்கிறார். மலக்குழியில் செத்தவரின் படத்தோடு வேலை முடிந்தது என்று அவர் போகவில்லை. அந்த வீட்டுப் பெண்களிடம், பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் போகிறார். பார்க்ஸ் வாட்சன் வீட்டுக்குப் போன வழியும் அதுதான்.

பார்க்ஸின் கதையில் கசப்பான இன்னொரு பக்கம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1956 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் அலபாமாவின் இனப் பாகுபாட்டைப் பற்றி அவர் எடுத்த கலர்ப் படங்கள் வந்தன. அழகான, அமைதியான படங்கள். ஒரு குடும்பம் ஷேடி குரோவ் என்ற சின்ன ஊரில் இருந்தது. மனைவி ஆசிரியை, கணவருக்கு மரம் வெட்டி ஏற்றுகிற தொழில். பாகுபாடு ஒழிய வேண்டும் என்று அந்த ஆசிரியை சொன்னது பத்திரிகையில் வந்தது. ஊர் வெள்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆசிரியையின் வேலை போயிற்று. கணவருடைய லாரி பறிபோயிற்று. கடையில் சாமான் இல்லை, பெட்ரோல் இல்லை. கடைசியில் ஊரை விட்டே போனார்கள். வேறு இடத்தில் குடியமர 'லைஃப்' 25,000 டாலர் கொடுத்தது. பார்க்ஸ் நியூயார்க் திரும்பிவிட்டார். படம் இன்றைக்கு அருங்காட்சியகச் சுவரில் இருக்கிறது.

ஊர்விலக்கம்! இதற்கு நமக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. பால் கொடுக்கக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது, வயல் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. சொன்னவர் பெயரும் முகமும் வெளியே வந்த மறுநாள் இது நடக்கும். எடுத்தவர் நம்ம ஆளாகவே இருந்தாலும், நல்ல நோக்கத்தோடு எடுத்திருந்தாலும் நடக்கும். இனத்தான் என்பதாலேயே கேமரா பரிசுத்தம் ஆகிவிடாது என்பதற்கு பார்க்ஸைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் ஜமேல் ஷபாஸ் சொல்கிறதை நான் கவனமாகக் கேட்டேன். புரூக்ளின்காரர். 1980களிலிருந்து தெருவில் இளைஞர்களைப் படம் எடுத்தவர். இருபது வருஷம் சிறைக் காவலராக வேலை பார்த்தார் என்பதும் விசேஷம். தெருவில் பார்த்த பையன்களை உள்ளேயும் பார்த்தவர். அவர் திருட்டுத்தனமாகக் க்ளிக் பண்ணுவதில்லை. முதலில் போய்ப் பேசுவார், படிக்கிறாயா, எதிர்காலத்தில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார். பிறகு நிற்கவைத்து எடுப்பார். பெரிய புகைப்படக்காரர்களுக்கு இது பிடிக்காது. அறியாமல் பிடிக்கிற கணத்தில்தான் உண்மை இருக்கிறது, போஸ் கொடுத்தால் பொய் என்பது அவர்களுடைய வேதம். நான் ஷபாஸ் பக்கம். ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட எங்க தாத்தா படத்தில் பொய் எதுவும் இல்லை. அவர் எப்படித் தெரிய வேண்டும் என்று அவர் முடிவு பண்ணியிருக்கிறார், அவ்வளவுதான். வயலில் குனிந்திருக்கும்போது எவனோ எடுத்த படத்தில் அந்த முடிவு அவருடையது இல்லை.

லட்டோயா ரூபி ஃப்ரேஸியர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். பென்சில்வேனியாவில் பிராடாக் என்கிற எஃகு ஆலை ஊர். ஆலை சுருங்கியது, ஊர் காலியானது, 2010இல் ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். ஃப்ரேஸியர் தன்னையும் அம்மாவையும் பாட்டியையும் எடுத்தார். அம்மா கையில் கேமராவைக் கொடுத்தார். அம்மா மகளை எடுக்கிறார், மகள் அம்மாவை எடுக்கிறாள். 2014இல் புத்தகமாக வந்தது. அவர் பேசுகிற ஒரு குறும்படத்தை நாம் பார்த்தோம், 2011இல் எடுத்தது. ஆஸ்பத்திரி மூடின அதே நேரத்தில் லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனி பிராடாக்கைக் களமாக வைத்து விளம்பரம் எடுத்தது. நலிந்த ஊர், முன்னேறப் புறப்படும் உழைப்பாளி என்கிற மாதிரி. ஃப்ரேஸியர் அந்த ஜீன்ஸையே மாட்டிக்கொண்டு, நியூயார்க்கில் அந்தக் கம்பெனியின் போட்டோப் பட்டறைக்கு முன்னால் தெருத்தரையில் விழுந்து புரண்டு தேய்க்கிறார், துணி கிழிகிற வரைக்கும். ஒருத்தி தன் ஊரின் படத்துக்காகத் தரையில் உருளுகிறாள். அதைப் பார்த்தபோது இங்கே சிலர் சிரித்தீர்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த விளம்பரத்தில் ஊர் இருக்கிறது, ஊரின் நோய் இல்லை என்பதை வேறு எப்படி அவள் காட்டியிருக்க முடியும்?

இந்தப் படங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் என்று இடம் பிடித்தவர்கள். சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணமும் சாவும் எடுத்தே வாழ்ந்தவர்களின் படங்கள் திரையில் வருகின்றன, அவர்கள் குரல் வருவதில்லை. பார்க்ஸ் படம் பல இடத்தில் புகழுரையாகவே ஓடுகிறது. பார்க்ஸ் படத்தில் பேசுகிற டெவின் ஆலன் 2015இல் பால்டிமோர் எழுச்சியைத் தன் ஊர்க்காரனாக நின்று எடுத்தவர், படம் 'டைம்' அட்டையில் வந்தது. அவர் பேச்சு எனக்குப் பிடித்தது. அட்டையில் வந்ததையே வெற்றியாகக் காட்டுகிற இடம் பிடிக்கவில்லை.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காலையில் ஒரு தோழர் சொன்னார், 'கோட்டு சூட்டு போட்ட கறுப்பர்களாகவே காட்டுகிறார்கள், இது நடுத்தர வர்க்க மனோபாவம்' என்று. 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் கொண்டுபோன 363 படங்களைத்தான் சொல்கிறார். நேர்த்தியாக உடுத்திய ஆண்கள், பெண்கள், குழந்தைகள். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் நமக்கு விதித்த தடைகளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, இடுப்புக்கு மேலே துணி கூடாது, நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மீறினதுக்கு வீடு கொளுத்தினார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொள்வது நடுத்தர வர்க்க ஆசையா? பாபாசாகேப் கோட்டு போட்டு நிற்கிற படம் ஒவ்வொரு சேரியிலும் ஏன் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு டுபாய்ஸ் செய்தது விளங்கும்.

இப்போது நம்ம வேலைக்கு வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் 15ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகளின் உரிமை பற்றியது. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்க நீதிமன்றம் நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது. போராடி வாங்கின உரிமை. மறுபக்கம், சம்பவம் நடந்த அன்று சாயந்திரமே அந்தச் சாட்சி ஊர்ப்பெயரோடு பேசுகிற வீடியோ வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அனுப்பியவர் போலீஸ்காரர் இல்லை, ஆதரவாளர். ஷேடி குரோவ் ஆசிரியைக்கு நடந்தது இந்த வீடியோவிலிருந்து ஒரு நாள் தூரத்தில்தான் இருக்கிறது. இதைச் சொன்னால், 'படமே எடுக்கக் கூடாதா, ஆதாரம் வேண்டாமா' என்று கேட்கிறார்கள். எடுக்க வேண்டும். எரிந்த குடிசையை, கிழிந்த கொடியை, அடிபட்ட முதுகை எடுத்தே ஆக வேண்டும். நீதிமன்றத்துக்கு எடுத்த படம் வேறு, ஊருக்குக் காட்டுகிற படம் வேறு என்று பிரிக்கத் தெரிய வேண்டும். பிரிக்கிற முடிவில் அந்த வீட்டுக்காரர் உட்கார வேண்டும்.

நான் கேட்பது ஒரு சின்ன வேலை. நம்மில் படம் எடுக்கிறவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் எடுத்த படத்தை மேசைமேல் வைத்து இன்னொருவர் கேட்கட்டும், மூன்றாவது ஆள் செல்போனில் பதிவு பண்ணட்டும். லென்ஸ் என்ன, வெளிச்சம் எப்படி என்று முதல் பத்து நிமிஷம் கேட்டுவிடுங்கள், அதுவும் வேணும். பிறகு கேளுங்கள்: இவர் பெயர் என்ன? படம் வந்ததை இவர் பார்த்தாரா? பிரிண்ட் கொடுத்தாயா? படம் வந்த பிறகு ஊரில் என்ன நடந்தது? திரும்ப அந்த ஊருக்குப் போனாயா? பதில் சொல்லும்போது அந்தப் படத்தில் இருப்பவரும் மேசையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அவர் 'இந்தப் படம் எனக்குப் பிடிக்கலைப்பா' என்று சொன்னால் அதையும் பதிவு பண்ணுங்கள், வெட்டிவிடாதீர்கள்.

அதோடு ஒவ்வொரு ஊரிலும் பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருப்பார். நம்ம தெருப் பிள்ளைகளை எந்த நாற்காலியில் உட்காரவைத்தார், யாருக்கு வெளியே நிற்கச் சொன்னார், நெகட்டிவ் எங்கே கிடக்கிறது என்று அவரைக் கேட்டுப் பதிவு பண்ண வேண்டும். அவர்களில் பலருக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும். நெகட்டிவைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டு ஆல்பம் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஸ்கேனர் இருக்கும், படத்தை அங்கேயே எடுத்துக்கொண்டு ஆல்பத்தைக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். பெரியவர்கள் யாராவது கூட வந்தால் யார் யார் என்று பெயர் எழுதிக்கொள்ளலாம். இப்ப யாராவது பேசணும்னா பேசுங்க, காலையில் கோட்டு சூட்டு பற்றிச் சொன்ன தோழர் முதலில் வரட்டும்.